சாந்தாமணி மெஸ் சந்தகை

மே 4, ஞாயிறு

இன்றைக்கும் காபி வெந்நீர்தான். கசப்பு இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, சூடு இருக்கிறது, காபியை மட்டும் காணோம். பங்குனியில் வந்த அந்தப் பாழாய்ப்போன காய்ச்சலுக்குப் பிறகு மூன்று கடை மாற்றிவிட்டேன். அரைக்கிற மணம் தெருமுனை வரைக்கும் வரும் என்று எதிர்வீட்டு விஜயா சொன்னதை நம்பித்தான் இந்தக் கடைக்குப் போனேன். கடை வாசலிலேயே நின்றேன், ஒரு மண்ணும் வரவில்லை. "ஏப்பா, புளியங்கொட்டைய வறுத்துக் கலக்கறீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். கடைக்காரர் திருதிருவென்று முழித்தார். முழிக்காமல் என்ன செய்வார்?

வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குது."

மின்வாரியத்தில் வாழ்நாளெல்லாம் கேன்டீன் டீ குடித்தவருக்கு எதுதான் நல்லாயிராது? பெருங்காயமும் இப்படித்தான், எண்ணெயில் போட்டால் பொரிகிறது, அவ்வளவோடு சரி. மல்லிகைப்பூ காகிதப்பூ ஆகிவிட்டது. உரத்தைக் கொட்டிக் கொட்டி எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள். இதைப் பற்றிக் காரமாக ஒன்று எழுத வேண்டும்.

மே 9, வெள்ளி

ஆகஸ்டில் வரப்போகும் நாவலுக்கு அட்டைப்படம் அனுப்பியிருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் சமைக்கும் ஒருத்தியின் கதை. அதற்காக ஆவி பறக்கும் அண்டா, குறுக்கே ஒரு கரண்டி, ஓரத்தில் கறிவேப்பிலைக் கொத்து. கேட்டரிங் சர்வீஸ் விசிட்டிங் கார்டு தோற்றது போங்கள். வடிவமைத்த தம்பியைக் கூப்பிட்டேன். புகை படிந்த சமையலறைச் சுவர், அதில் ஒரு கை ஊன்றிய தடம், அது போதும் என்றேன்.

"புக் ஃபேர்ல தூரத்துல இருந்து பாத்தா பளிச்சுனு தெரியணும் மேடம்."

"பளிச்சுன்னு தெரியணும்னா டியூப்லைட்டக் கட்டித் தொங்கவிடு."

புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அட்டை. தூரத்தில் போகிறவனுக்குப் பேருந்தின் போர்டு போதும். ஐந்து நாவல் எழுதியவள் சொன்னால் கேட்க மாட்டார்கள், முந்தாநாள் கம்ப்யூட்டர் வாங்கியவன் சொன்னால் கேட்பார்கள்.

பின்னட்டையில் பதிப்பாளர் ஒரு வரி போட்டிருக்கிறார்: 'சௌந்தராவை நாம் வாசிப்பதில்லை, முகர்கிறோம்.' அதை மாற்றச் சொல்லவில்லை. எல்லாரும் எப்போதும் சொல்வதுதான்.

மே 13, செவ்வாய்

பத்திரிகையில் எழுதும் 'பயணமும் பந்தியும்' தொடருக்காக கோபிச்செட்டிபாளையம் வரை போய் வந்தோம். நம் ஊர் பேருந்து இருக்கையை வடிவமைத்தவனுக்கு முழங்கால் இருந்திருக்காது. ஜன்னல் கண்ணாடி பாதிதான் நகர்கிறது, அந்தப் பாதியும் முன்சீட்டுக்காரர் சொத்து. தங்கிய லாட்ஜில் குளியலறைக்குக் கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறார்கள். யார் யாரைப் பார்ப்பதற்கு? கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமான பின்பு பார்க்க என்ன பாக்கி?

வழியில் நடவுக்கு உழுதுகொண்டிருந்தார்கள். இவர் ஜன்னலில் தலையை நீட்டி, "சேத்து வாசம் எப்படி வருது பாரு" என்றார். சினிமா பார்த்துக் கெட்டவர்.

மத்தியானம் சாந்தாமணி மெஸ். சந்தகைக்குப் பெயர் போன இடமாம். சுற்றுலா பஸ்கள் நிறுத்திச் சாப்பிட்டுப் போகிறார்கள். அரிசிமாவை அவித்து நூல் நூலாகப் பிழிந்து, அதன்மேல் வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலும் எள்ளுப்பொடியும் நெய்யும். அந்த சாந்தாமணியே பரிமாறினார். ஐம்பது வயதிருக்கும், கையில் மாவு காயாத பெண்மணி.

"ஏனுங்க்கா, நீங்க எழுதறவங்கதானுங்களே? என்ற மக உங்க கதையெல்லாம் படிப்பாளுங்க. பால் இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

ஊற்றினார். இனித்தது. இனித்தது, அவ்வளவுதான். வாயில் நூல்கண்டு. இவரோ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், வெட்கமே இல்லாமல்.

"எப்படீங்க்கா இருக்குது?"

"எழுதறேன்" என்றேன். அந்தம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

மே 14, புதன்

எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு பத்தி எனக்கே பிடித்துப் போயிற்று:

'தேங்காய்ப்பால் என்ற பெயரில் வெல்லத் தண்ணீர். ஏலக்காய் என்று ஒன்று உலகத்தில் விளைவது அந்தச் சமையலறைக்கு இன்னும் தெரியாது. நெய் என்று ஊற்றியது வனஸ்பதிக்கு ஒன்றுவிட்ட தங்கை. எள்ளுப்பொடிக்கும் மரத்தூளுக்கும் நிறத்தில்தான் வித்தியாசம். பேரைக் கேட்டுப் போகிறவர்களே, பெட்டிக்கடை பிஸ்கட் மேல்.'

இவர் படித்துவிட்டு, "ஏலக்கா இருந்துச்சே சௌந்தரா. நெய்யும் நல்ல நெய்" என்றார்.

"உங்களுக்குக் கல்லப் போட்டாலும் கற்கண்டு. போயி டிவி பாருங்க."

போய் டிவி பார்த்தார்.

மே 25, ஞாயிறு

வெளிவந்துவிட்டது. காலையிலிருந்து போன் ஓயவில்லை. 'கிழித்துத் தோரணம் கட்டிவிட்டீர்கள்' என்கிறார்கள். அந்தப் பத்தியை மட்டும் வெட்டி, மெஸ்ஸின் போர்டைப் படமெடுத்துச் சேர்த்து வாட்ஸப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். என் பெயரைக் காணோம். எழுதியவள் நான், பரப்புகிறவனுக்குப் பேரை விட்டுவிடுவது வசதி. திருட்டுப் பயல்கள்.

ஜூன் 3, செவ்வாய்

ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு கண்காட்சி. ஓவியம் என்று நினைத்துப் போனால் சுவர் முழுக்கக் கிராம்பு, பட்டை, சுக்கு, மஞ்சள். சணல் சாக்கில் ஒட்டி வைத்திருக்கிறார் ஓர் இளம் கலைஞர். நடுவில் ஒரு பெஞ்சு. ஆட்கள் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண் அழுதேவிட்டாள், அவள் அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம். நானும் உட்கார்ந்து பார்த்தேன். சணல் சாக்கு தெரிந்தது. மளிகைக்கடைச் சாமானைச் சுவரில் ஏற்றிவிட்டால் கலை, அதன் எதிரில் கண்ணை மூடினால் ரசனை. நாடகக்காரர்கள்.

அந்தக் கலைஞர் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார். "உங்க நாவல்களப் படிச்சுத்தான்மா இந்த ஐடியாவே வந்துச்சு" என்றார். ஏனோ எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

சாந்தாமணி பேசினார். என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ. நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"எந்த மெஸ்ஸுக்காரங்கிட்ட எவ்வளவு வாங்குனீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையாத்தானுங்க உங்களுக்குச் சோறு போட்டேன்! ஏலக்காய என்ற கையால இடிச்சுப் போட்டனுங்க. நெய்யி என்ற தம்பி வூட்டு எருமை நெய்யி. டூர் பஸ்ஸுக்காரரு வாறதில்லைனுட்டாரு. மாவு புழியற ரெண்டு பொம்பளைங்கள நிறுத்தியாச்சு. அடுத்த மாசத்தோட கடையச் சாத்தோணும் போல. ஏனுங்க, பொய்யி எழுதறதுக்கு உங்களுக்குக் கை கூசலையா?"

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. நான் போனைத் துண்டித்தேன். பொய் எழுதினேனாம். நான்! என் நாக்கை நம்பி ஊரே சாப்பிடுகிறது.

திரும்பிப் பார்த்தால் இவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கீரையில் பாதியைத் தண்டோடு குப்பையில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

எழுதும் அறையில் ஒரே ஈ. பினாயில் போட்டுத் துடைத்தும் போகவில்லை. இந்த வருடம் ஒரு பலாப்பழம்கூட வீட்டுக்கு வரவில்லை. நான் சொன்னால்தான் வாங்குவார், தானாக ஒன்று செய்யத் தெரியாது.

ஜூன் 16, திங்கள்

காலையில் விஜயா வாசலில் நின்று சத்தம் போட்டாள். "ஏனுங்க்கா, பலாப்பழம் கனிஞ்சு தெருவே மணக்குது, ஒரு சொளை குடுக்கக் கூடாதா?"

"ஏது பலாப்பழம்?" என்றேன்.

அவள் சிரித்தாள். "கேட்டத் தொறக்கறப்பவே தெரியுதே!"

இவர் நேராக என் அறைக்குள் போனார். எழுதும் மேசைக்கு அடியில், நான் காலை நீட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பின்னால், பழைய வேட்டி போர்த்தியிருந்த ஒரு மூட்டையை இழுத்தார். பழம். பிளந்தே போயிருந்தது, ஈ மொய்த்துக்கொண்டு. விஜயா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல நழுவிவிட்டாள்.

"வெள்ளிக்கெழமை வெச்சது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கையில் கிடைத்த பேனா ஸ்டாண்டை எறிந்தேன். "எலிக்குப் பொறி வெக்கற மாதிரி எனக்கு வெச்சீங்களா? கட்டுன பொண்டாட்டிய வேவு பாக்கறீங்களா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா சௌந்தரா? காபிக்காரனத் திட்டுன. பெருங்காயத்தத் திட்டுன. மல்லிப்பூவக்கூட விடல. போன வாரம் திரிஞ்ச பால நீ வாயில வெக்கறதுக்கு முன்னால நாந்தான் எடுத்துக் கொட்டுனேன். உனக்கா தெரியட்டும்னு இருந்தேன். அந்தம்மா அழுதுட்டே பேசுனதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. ஒரு குடும்பத்தோட பொழப்பு."

அவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பழத்தின்மேல் முகத்தை வைத்து இழுத்தேன். முகமெல்லாம் பிசின். ஒன்றுமில்லை. ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டேன். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணி. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வயதில் நான் இப்படிப் பயந்ததில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற மனுஷனை இன்னும் நாலு வார்த்தை திட்டினேன், அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

பேச்சுவார்த்தை இல்லை. தயிர்சாதம் அவர் செய்தது. புளிப்பு தெரிந்தது.

ஜூன் 19, வியாழன்

காது மூக்கு டாக்டர். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு குப்பியாக நீட்டினார். காபித்தூளாம், கிராம்பாம், சோப்பாம். எனக்கு எல்லாம் வெறும் குப்பிதான். காய்ச்சலில் போயிருக்கும், வரலாம், வராமலும் போகலாம், தினமும் நாலு வாசனையை முகர்ந்து பழகுங்கள் என்றார். அவர் அறையில் சுவருக்கு அடித்திருக்கும் பச்சை நிறம் வியாதி இல்லாதவருக்கும் வியாதி வரவைக்கும். அதையும் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பாதி எழுதிக் கிடக்கும் அடுத்த நாவலை வந்ததும் எடுத்துப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் தாளிக்கிற வாசம், மழை வாசம், புதுத்துணி வாசம். யாரோ எழுதியது மாதிரி இருந்தது. அந்த யாரோ மேல் பொறாமையாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பத்திரிகை ஆசிரியர் மதியழகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு என் மூக்கைப் பற்றிக் கவலையில்லை, தொடரைப் பற்றித்தான்.

"இத வெளிய சொல்லாதீங்க மேடம். சமையல் பத்தி எழுதறவங்களுக்கு வாசனை தெரியாதுன்னு தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் காலி. சிம்பிளா முடிச்சிடலாம். மறுபடி போனேன், இப்ப நல்லாத் தேறியிருக்குன்னு ஒரு பத்தி எழுதுங்க. அந்தம்மாவுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

யாருக்கும் நஷ்டமில்லாத யோசனை. உட்கார்ந்து எழுதினேன். 'அதே சாந்தாமணி மெஸ், ஆனால் அதே சந்தகை அல்ல. ஏலக்காய் இப்போது வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்திருக்கிறது.' நடை நன்றாகத்தான் வந்தது. அனுப்பிவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அந்த 'ம்' என்னை அறைந்தது.

ஜூன் 25, புதன்

படம் எடுப்பதற்காகப் பத்திரிகை ஆட்கள் மெஸ்ஸுக்குப் போன் செய்து, வரப்போகும் பத்தியைப் படித்தும் காட்டியிருக்கிறார்கள். மத்தியானமே சாந்தாமணி என்னைக் கூப்பிட்டுவிட்டார். இந்தத் தடவை அழவில்லை.

"தேறியிருக்குதுன்னு எழுதப் போறீங்களாமா?"

"உங்க நல்லதுக்குத்தானுங்க."

"என்ற நல்லதுக்கா? தேறிருச்சுன்னா முன்னால கெட்டுக் கெடந்துச்சுன்னுதானுங்க அர்த்தம்? அன்னைக்கும் அதே அரிசி, அதே தேங்கா, அதே கை. நான் தேறோணுமுன்னு ஒண்ணுமில்லீங்க. அப்படி எழுதறதுக்கு, எழுதாமயே வுட்ருங்க. கடையச் சாத்திட்டுப் போறேன். பொய்யில நனைஞ்ச பேரு எனக்கு வேண்டாம்."

வைத்துவிட்டார். என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஒரு சந்தகைக்காரிக்கு எவ்வளவு திமிர்! அந்தத் திமிர் எனக்கு இருந்ததென்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மதியழகனிடம் அந்தப் பத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

வேறு எழுதினேன். அலங்காரம் ஒன்றுமில்லை.

'பங்குனி மாதத்திலிருந்து எனக்கு வாசனை தெரியாது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு இந்தத் தொடரில் நான் குறை சொன்ன எல்லாமே என் மூக்கின் குறை. சாந்தாமணி மெஸ் சந்தகையில் ஏலக்காய் இருந்தது, நல்ல நெய் இருந்தது. அன்றைக்கு அங்கே குறையாக இருந்தவள் நான் ஒருத்திதான்.'

மதியழகன், இதைப் போட்டால் தொடர் அதோடு முடிந்தது என்றார். முடியட்டும் என்றேன். பதிப்பாளருக்கும் நானே சொன்னேன். பின்னட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம்.

"முகர்கிறோம்னு போட்டிருக்கேனே சௌந்தராம்மா! படிக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். இல்ல, கிழிச்சுட்டு வேற அடிங்க."

"வெளியீட்ட ஒரு வருஷம் தள்ளி வெச்சுக்கலாமே..."

அந்த ஆவி பறக்கும் அண்டாவோடு சேர்த்துத் தள்ளி வையுங்கள் என்று போனை வைத்தேன். பிறகு வெகு நேரம் அடுப்படியில் போய் நின்றேன். இவர் கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாமனார் செத்தபோதுகூட அழாதவள் அங்கே நின்று அழுதேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

வந்துவிட்டது. போன் அடிக்கவே இல்லை.

ஜூலை 12, சனி

கோபிக்குப் போனேன். தனியாகத்தான். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். சாந்தாமணி கல்லாவில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"படிச்சனுங்க" என்றார். "மக படிச்சுக் காட்டுனா. சரி, எழுதிட்டீங்க. மொதல்ல எழுதுனது ஊரு பூராச் சுத்துச்சு. இது எத்தன பேரு கண்ணுல பட்டுச்சுங்க?"

அவர் சொன்னது நிஜம்.

"பஸ்ஸுக்காரரு இன்னும் வர்றதில்ல. அவருகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க. எழுத்து எனக்கு வேண்டாம்."

கல்லா போனை என் முன்னால் தள்ளினார். சுற்றுலா பஸ் நடத்தும் பழனிவேல் என்பவரின் நம்பரை அவரே அழுத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என் பெயரைச் சொன்னேன்.

"யாருங்க?"

"எழுத்தாளர் சௌந்தரா."

"தெரியலீங்களே. நாம கதையெல்லாம் படிக்கறதில்லைங்க."

"சாந்தாமணி மெஸ்ஸப் பத்தி எழுதுனது நாந்தான்."

"அதுங்களா? வாட்ஸப்புல வந்துச்சு. யாரு எழுதுனாங்கன்னு தெரியாதுங்க. என்னாச்சுங்க?"

எந்தப் பேரைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டேனோ அந்தப் பேரே அந்த ஆளுக்குத் தெரியவில்லை. பேரே இல்லாத பத்தியைப் பார்த்துத்தான் பஸ்ஸை அனுப்பாமல் விட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். முதலிலிருந்து ஆரம்பித்தேன். எனக்கு வாசனை தெரியாது என்றேன். அவர் கேட்கவில்லை என்றார், லைன் சரியில்லையாம். இன்னும் சத்தமாகச் சொன்னேன். "எனக்கு மூக்கு போயிருச்சுங்க! தெரியாமத் தப்பா எழுதிட்டேன்! இங்க சாப்பாடு நல்ல சாப்பாடு!" மெஸ் முழுக்கக் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும்.

"அப்படீங்களா? பாக்கலாமுங்க. ஆடி முடிஞ்சு ஒரு ட்ரிப் இருக்குது, கேட்டுச் சொல்றேனுங்க."

அவ்வளவுதான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். சாந்தாமணியின் முகம் இளகவில்லை.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க? எலை போட்டாச்சு."

"வேண்டாமுங்க. எனக்குப் போட்டு என்ன பிரயோஜனம்? எதுவும் தெரியாது."

"பசி தெரியுமில்லீங்க?" என்றார் எரிச்சலோடு. "உக்காருங்க."

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உட்கார்ந்தேன்.